மூவாயிரம் ரூபாய் எளிமை

எங்க தெரு அம்மன் கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டு பேசி முடிக்கிற வேலையை 2025-ல் என் தலையில கட்டிட்டாங்க. "நீதான் இங்கிலீஷ்காரன்கிட்டயே போன்ல பேசுதியே, அண்ணாவிகிட்ட பேச மாட்டியா?"ன்னு வரிக்கணக்கு பாக்குற மாமா சொல்லிட்டார். சாஃப்ட்வேர்ல இருக்கிறவனுக்கு ஊர்ல கிடைக்கிற மரியாதை இவ்வளவுதான் :-)

தெரியாதவங்களுக்கு: பாவூர்சத்திரம்ங்கிறது திருநெல்வேலியில இருந்து தென்காசி போற ரோட்டுல ஆலங்குளம் தாண்டி வர்ற ஊர். காய்கறிச் சந்தை பெருசு. வீட்டுக்கு வீடு பீடி சுத்துவாங்க. ஆனியிலயும் ஆடியிலயும் குற்றாலத்துச் சாரல் எங்க ஊர் வரைக்கும் கொஞ்சம் எட்டிப் பாக்கும். சித்திரையில ஆரம்பிச்சு ஆவணி, புரட்டாசி வரைக்கும் ஏதாவது ஒரு தெருவுல கொடை நடந்துகிட்டே இருக்கும்.

அண்ணாவி பதினெட்டாயிரம் கேட்டார். ஆறு பேர் குழு, மதியக்கொடை, சாமக்கொடை ரெண்டுக்கும் பாடணும், வேன் வாடகையும் அதுக்குள்ளதான். நான் பேசிப் பேசி பதினஞ்சுக்குக் கொண்டு வந்தேன். "பக்கத்து ஊர்தானே அண்ணாச்சி, நம்ம கோயில் மாதிரி"ன்னு ஒரு வார்த்தை போட்டேன், அவர் ஒத்துக்கிட்டார். மாமா முதுகுல தட்டிக் கொடுத்தார். அதே வாரம் ரேடியோ செட், சீரியல் லைட், டிஜே எல்லாத்துக்கும் சேர்த்து நாப்பத்தஞ்சாயிரம் கேட்டாங்க. ஒரு ரூபா கூட யாரும் குறைச்சுக் கேக்கல. இது எனக்கு அப்ப உறைக்கவே இல்லங்கிறதுதான் விஷயம்.

அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி, 2025 ஜூன்ல, கொல்லங்குடி கருப்பாயி அம்மா 99 வயசுல காலமானாங்க. 'எளிமையின் சிகரம்'னு போட்டு, ஒரு கும்பிடு பொம்மையும் சேர்த்து ஸ்டேட்டஸ் வச்சவன்தான் நானும். இந்தப் பதிவே அந்த வார்த்தையைப் பத்தித்தான். ஆனா அதுக்கு முதல்ல அமெரிக்காவுக்கு ஒரு நடை போயிட்டு வரணும். பொறுத்துக்குங்க.

எங்க ப்ராஜெக்ட்ல கிளையன்ட் பக்கம் ஒருத்தர் டென்னசிக்காரர். நாட்டுப்புறப் பாட்டுப் பைத்தியம். கால் முடிஞ்சதும் ரெண்டு நிமிஷம் அதைப் பத்திப் பேசலைன்னா தூக்கம் வராது அவருக்கு. அவர் சொல்லித்தான் கார்ட்டர் குடும்பம்னு ஒண்ணு இருந்ததே எனக்குத் தெரியும். அப்புறம் நானா தேடித் தேடிப் படிச்சேன்.

1927 ஆகஸ்ட். வர்ஜீனியாவுல மேசஸ் ஸ்பிரிங்னு ஒரு குக்கிராமம். அது இருக்கிற பள்ளத்தாக்குக்குப் பேரே 'ஏழைப் பள்ளத்தாக்கு'. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது 'பணக்காரப் பள்ளத்தாக்கு'. (பேர் வச்சவன் ரொம்ப யோசிக்கல.) அங்க இருந்து ஏ.பி. கார்ட்டர், அவர் மனைவி சாரா, தம்பி மனைவி மேபெல் மூணு பேரும் கடன் வாங்கின கார்ல பிரிஸ்டல் நகரத்துக்குக் கிளம்புறாங்க. மேபெல் நிறைமாசம். காரைக் கொடுத்த தம்பிக்குப் பதிலுக்கு சோளக்காட்டுல களை எடுத்துத் தர்றேன்னு அண்ணன் ஒத்துக்கிட்டதா ஒரு கதை சொல்வாங்க. விக்டர் ரெக்கார்டு கம்பெனிக்காக ரால்ஃப் பியர்ங்கிறவர் அங்க ஒரு கட்டடத்துல மெஷினை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தார். ஆறு பாட்டு பாடினாங்க. பாட்டுக்கு 50 டாலர். அதே ஊர்ல, அதே வாரத்துல ஜிம்மி ரோஜர்ஸும் வந்து பாடிட்டுப் போனார். இன்னிக்கு கன்ட்ரி மியூசிக்னு உலகம் பூரா விக்கிற சரக்குக்கு அந்த வாரத்தைத்தான் பிறந்தநாள் மாதிரி சொல்றாங்க.

இதுல எனக்குப் பிடிச்சது பாட்டு இல்ல, பியரோட கணக்கு. அவர் கம்பெனிகிட்ட சம்பளம் வேண்டாம்னுட்டார். பதிவாகிற பாட்டோட பதிப்புரிமை மட்டும் போதும்னு வாங்கிக்கிட்டார். அதனால அவருக்கு 'உரிமை பதியக்கூடிய' பாட்டா வேணும். ஏ.பி. கார்ட்டர் மலை மலையா அலைஞ்சு கிழவிகள்கிட்டயும் தொழிலாளிகள்கிட்டயும் பழைய பாட்டைக் கேட்டு எழுதுவார். வீட்டுக்கு வந்து அங்க ஒரு வரி, இங்க ஒரு வரி மாத்தி, தன் பேர்ல பதிஞ்சிடுவார். பியருக்குப் பெரும்பங்கு, இவருக்குச் சின்னப் பங்கு. சின்னதா இருந்தாலும் அது நிக்காம வந்துச்சு.

நியாயம்னு பாத்தா பாதி நியாயம்தான். லெஸ்லி ரிடில்னு ஒரு கறுப்பினக் கலைஞர், சிமெண்ட் ஆலை விபத்துல ஒரு கால் போனவர், கிதார்ல மன்னன். கார்ட்டர் கூடவே ஊர் ஊரா நடந்தார். இவர் வார்த்தையை எழுதிக்குவார், அவர் மெட்டை மனசுல பிடிச்சு வச்சுக்குவார். மனுஷனே டேப் ரெக்கார்டர். ரெக்கார்டு மேல அவர் பேர் ஒண்ணுலயும் இல்ல. 1960-கள்லதான் ஒரு ஆராய்ச்சியாளர் அவரைத் தேடிப் பிடிச்சார்.

குழு 1943-ல் பிரிஞ்சது. கார்ட்டர் அதே பள்ளத்தாக்குக்குத் திரும்பி ஒரு மளிகைக்கடை வச்சார். 1960-ல் செத்துப் போனார். பத்து வருஷம் கழிச்சு கன்ட்ரி மியூசிக் புகழ் மண்டபத்துல அந்தக் குடும்பத்தைச் சேர்த்தாங்க. மகள் ஜேனட் 1974-ல் அந்தக் கடையிலயே வாராவாரம் கச்சேரி நடத்த ஆரம்பிச்சு, அப்புறம் பக்கத்துலயே ஒரு கொட்டகை கட்டினாங்க. ஜானி கேஷ், அதாவது மேபெல்லோட மருமகன், கடைசியா மக்கள் முன்னாடி பாடினது அந்தக் கொட்டகையிலதான், 2003 ஜூலை 5. ரெண்டு மாசத்துல அவரும் போய்ச் சேர்ந்துட்டார்.

டாலி பார்ட்டன் கதை இன்னும் சுவாரஸ்யம். 1946-ல் டென்னசி மலையில பன்னிரண்டு பிள்ளைங்கள்ல ஒருத்தியா பிறந்தவங்க. பிரசவம் பாத்த டாக்டருக்கு அப்பா கூலியா கொடுத்தது ஒரு மூட்டை சோளமாவு. 1974-ல் 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' பாட்டு ஹிட். எல்விஸ் பிரெஸ்லி பாட ஆசைப்பட்டார். எல்விஸோட மேனேஜர், பதிப்புரிமையில பாதி வேணும்னார். எல்விஸ்! நம்ம ஊர்னா எம்.ஜி.ஆரே வீட்டுக்கு வந்து கேட்ட மாதிரி. அந்தம்மா முடியாதுன்னுட்டாங்க. 1992-ல் விட்னி ஹூஸ்டன் அதே பாட்டைப் பாடி உலகமே அதிர்ந்தப்போ காசு யாருக்கு வந்துச்சுன்னு சொல்ல வேண்டியதில்ல. 1986-ல் சொந்த மாவட்டத்துலயே 'டாலிவுட்'னு பொழுதுபோக்குப் பூங்கா திறந்து, ஊர்க்காரங்களுக்கு வேலை கொடுத்தாங்க. 1995-ல் அதே மாவட்டத்துக் குழந்தைகளுக்கு இலவசமா புத்தகம் அனுப்பற திட்டம் ஆரம்பிச்சாங்க.

இவங்களையும் 'மண்ணை மறக்காதவர்'னுதான் அங்க சொல்றாங்க. சரி, மறக்கல. ஆனா மறக்காம இருக்கிறதுக்குக் கையில ஒரு பத்திரம் இருந்துச்சு.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம்.

வில்லுப்பாட்டு பாக்காதவங்க இருந்தா: ஆள் உயரத்துக்கும் மேல நீளமான ஒரு வில். அதுல வரிசையா வெண்கல மணி. வில்லை ஒரு மண்குடத்து மேல சாய்ச்சு வச்சிருப்பாங்க. நடுவுல தலைமைப் பாடகர், கையில வீசுகோல். நாணுல ஒரு போடு போட்டா மணி எல்லாம் ஒண்ணா குலுங்கும். பக்கத்துல குடம் அடிக்கிறவர், உடுக்கு, ஜால்ரா, கட்டை. ஒவ்வொரு வரிக்கும் "ஆமா" போட ஒரு ஆள். டிவியில பொங்கலுக்குப் பொங்கல் பாக்கிறது மேடை வில்லு. கோயில் வில்லு வேற ஜாதி. அங்க ரசிகன் மனுஷன் இல்ல, சாமி. சுடலைமாடன் கதையோ இசக்கி கதையோ பிறப்புல ஆரம்பிச்சு மெல்ல ஏறி, சாவு வர்ற கட்டத்துல வரத்துப் பாட்டு பாடுவாங்க. சாமியாடி அந்த நேரத்துல இறங்கியாகணும். இறங்கலைன்னா ஊரே அண்ணாவியைத்தான் பாக்கும். எங்க ஃபீல்டுல ப்ரொடக்‌ஷன் டெப்ளாய்மென்ட் அன்னிக்கு ராத்திரி இருக்குமே, அந்த டென்ஷன். அவங்களுக்கு வாரம் ரெண்டு தடவை.

சின்ன வயசுல நான் ஆச்சி மடியில படுத்துக்கிட்டு அரைத்தூக்கத்துல கேட்டது முத்துப்பட்டன் கதை. பிராமணப் பையன், மாட்டுக்காவல் பாக்குற வாலப்பகடையோட ரெண்டு பொண்ணுங்க பொம்மக்கா, திம்மக்காவைக் கட்டிக்கிறான். அதுக்காகக் குலத்தை விட்டு செருப்புத் தைக்கிறான். மாட்டைத் திருட வந்தவங்களோட சண்டை போட்டு சாகுறான். எங்களுக்குத் தெற்க மலைக்குள்ள, காரையார் சொரிமுத்து அய்யனார் கோயில்ல பட்டவராயனா நிக்கிறது அவன்தான். இன்னிக்கும் அங்க நேர்ச்சையா செருப்பு செஞ்சு போடுறாங்க. நா. வானமாமலை இந்தக் கதையைத் தேடிப் பதிப்பிச்சு மதுரைப் பல்கலைக்கழகம் 1971-ல் வெளியிட்டுச்சு. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன்னு ஒரு அமெரிக்கர் நம்ம பக்கத்துல தங்கி, கொடை கொடையா உக்காந்து கேட்டு, 1988-ல் வில்லுப்பாட்டுக்குன்னே ஒரு தடி புத்தகம் போட்டார். புத்தகத்துக்குக் காப்பிரைட் இருக்கு. கதையைப் பரம்பரையா தொண்டையில வச்சிருந்த அண்ணாவிகளுக்கு இல்ல. நா.வா.வையும் பிளாக்பர்னையும் நான் குறை சொல்லல. அவங்க இல்லைன்னா பாதி போயிருக்கும். சட்டம் அப்படி. எழுதினவனுக்குத்தான் உரிமை, பாடினவனுக்கு இல்ல.

கருப்பாயி அம்மா கதைக்கு இந்தச் சட்டம்தான் சாவி. சிவகங்கைப் பக்கம் கொல்லங்குடி. வானொலியில பாடிப் பேர் வாங்கினவங்களை பாண்டியராஜன் 1985-ல் 'ஆண் பாவம்' படத்துக்குக் கூட்டிட்டுப் போனார். இளையராஜா இசை. பாட்டியா நடிச்சு, பாட்டும் பாடினாங்க. படம் அப்படி ஒரு ஓட்டம் ஓடுச்சு. இன்னிக்கும் டிவியில போட்டா எங்க வீட்டுல சேனல் மாறாது. 1993-ல் கலைமாமணி.

1985-ல் இந்தியாவுல நடைமுறையில இருந்தது 1957-ம் வருஷத்துக் காப்பிரைட் சட்டம். அதுல பாடகர்னு ஒரு ஆளே கிடையாது. பாட்டு எழுதினவர் உண்டு, மெட்டுப் போட்டவர் உண்டு, தயாரிப்பாளர் உண்டு. நிகழ்த்துபவர் உரிமைன்னு ஒண்ணு 1994 திருத்தத்துலதான் உள்ள வந்துச்சு. அதுலயும் ஒரு ஓட்டை: சினிமாவுக்குப் பாட ஒத்துக்கிட்டா அந்த உரிமை அத்தோட போச்சு. படத்துப் பாட்டு மத்த இடத்துல வியாபாரமானா பாடினவருக்கும் ராயல்டி உண்டுன்னு சட்டம் சொன்னது 2012-ல். 'ஆண் பாவம்' வந்து 27 வருஷம் கழிச்சு.

அப்ப கொல்லங்குடியிலயே கடைசி வரைக்கும் இருந்தது எளிமையா? தெரிஞ்சு தேர்ந்தெடுத்ததுன்னா எளிமை. வேற கதவே திறக்கலைன்னா அதுக்குப் பேர் வேற.

பரவை முனியம்மாவும் அப்படித்தான். 2003-ல் 'தூள்' படத்துல விக்ரம் சண்டை போட, நடுவுல இவங்க பாட, தியேட்டர்ல விசில் பறந்துச்சு. ஊர்ப் பேரையே முதல் பேரா வச்சுக்கிட்டவங்க. ஊரடங்கு ஆரம்பிச்ச அஞ்சாவது நாள், 2020 மார்ச் 29, அந்த ஊர்லயே போயிட்டாங்க. அன்னிக்கும் ஸ்டேட்டஸ் எல்லாம் இதே வார்த்தைதான்.

எனக்கு ரொம்ப வலிக்கிறது பூங்கனி அம்மா. கன்னியாகுமரி மாவட்டம், கொட்டாரம் பக்கம். பொம்பளைங்க கையில வீசுகோல் பிடிக்கிறதே அபூர்வமா இருந்த காலத்துல சின்னப் பிள்ளையிலயே வில்லுல உக்காந்தவங்க. கல்யாணம் பண்ணிக்கிட்டதும் குடம் அடிக்கிறவரையே. புருஷன் குடம், பெண்டாட்டி வில். குமரியில இருந்து நெல்லை, தூத்துக்குடி வரைக்கும் கோயில் கோயிலா பாடினாங்க. அவர் போன பிறகு வில்லைத் தொடுறதை விட்டுட்டாங்க. கடைசிக் காலம் தனியா, சின்ன வீட்டுல, முதியோர் உதவித்தொகையில. அப்ப அது மாசம் ஆயிரம் ரூபா. 2018-ல் காலமானாங்க. எத்தனை நூறு ராத்திரி எத்தனை ஊர் சாமியை அந்தத் தொண்டை எழுப்பிவிட்டிருக்கும்! ஒரு ராத்திரிக்குக் கூட மறுநாள்னு ஒரு காசு வரல.

எதிர்ப்பக்கமும் சொல்லணும். சுப்பு ஆறுமுகம் ஐயா திருநெல்வேலி சத்திரம் புதுக்குளத்துக்காரர். கலைவாணர் என்.எஸ்.கே. கூட்டிட்டுப் போய்ச் சென்னையிலயே தங்கிட்டார். சினிமாவுக்கு நகைச்சுவை எழுதினார், வில்லை வானொலிக்கும் சபாவுக்கும் கொண்டு போனார். 2021-ல் பத்மஸ்ரீ. 2022 அக்டோபர்ல 94 வயசுல காலமானார். மகள் பாரதி திருமகன் அதே வில்லைத் தொடர்றாங்க. ஊரை விட்டுப் போனதால அவர் மண்ணை மறந்துட்டார்னு யாராவது சொல்ல முடியுமா? மேடையில வாயைத் திறந்தா நெல்லைதான் வரும். ஊர்ல இருக்கிறதுக்கும் ஊரா இருக்கிறதுக்கும் அவ்வளவா சம்பந்தம் இல்லன்னு எனக்குத் தோணுறது இவரை வச்சுத்தான்.

அரசாங்கம் ஒண்ணுமே செய்யலைன்னும் இல்ல. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007-ல் வந்துச்சு. மாசாமாசம் உதவித்தொகை ஒண்ணும் இருக்கு. அந்தத் திட்டத்துக்கு வச்சிருக்கிற பேரைப் பாருங்க, 'நலிந்த கலைஞர்'. நலிஞ்சாத்தான் கலைஞன் போல.

கொடைக்கு வர்றேன். ஆவணிச் செவ்வாய். மதியக்கொடை முடிஞ்சு, குழு எங்க வீட்டுத் திண்ணையில உக்காந்திருந்துச்சு. டீ கொடுத்துட்டு நான் கருப்பாயி அம்மா பேச்சை எடுத்தேன். "எவ்வளவு பெரிய ஆளு, எவ்வளவு எளிமையா வாழ்ந்துட்டுப் போயிட்டாங்க அண்ணாச்சி"ன்னேன். அண்ணாவி டீயை ஊதிக்கிட்டே இருந்தார். அப்புறம் சொன்னார்:

"தம்பி, இந்த ஆறு பேருல நான் பெயிண்ட் அடிக்கேன். குடம் அடிக்கவன் சந்தையில மூட தூக்குதான். வீட்டுப் பொம்பளையாளுவ பீடி சுத்துதாவ. வருசத்துல அஞ்சு மாசம்தான் கொட. எளிமையா இருக்கணும்னு நாங்க யாரும் சத்தியம் பண்ணலய்யா."

கோவமாச் சொல்லல. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். குடம் அடிக்கிறவர் "ஆமா" போட்டார், பாட்டுல போடுற மாதிரியே. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன்.

சாமக்கொடையில வரத்துப் பாட்டு எடுத்தாங்க. எங்க சாமியாடி அந்த வருஷம் கொஞ்சம் உடம்புக்கு முடியாம இருந்தவர். இறங்க நேரமாச்சு. ஒரு மணி நேரத்துல முடிய வேண்டிய கட்டத்தை அண்ணாவி ரெண்டு மணி நேரம் இழுத்துப் பாடினார். தொண்டை கட்டிப்போய், கடைசியில பாட்டு பாதி, மூச்சு பாதி. சாமி வந்துச்சு. ஆச்சி கும்பிட்டுக்கிட்டு அழுதா. நான் வீசுகோலையே பாத்துக்கிட்டிருந்தேன். பதினெட்டு, பதினஞ்சு, மூவாயிரம். என் சம்பளத்துல அந்த மூவாயிரம் எத்தனை மணி நேரம்னு மனசு தானா கணக்குப் போட்டுச்சு. எழுத வெக்கமா இருக்கு, விட்டுடறேன்.

அன்னிக்கே மிச்சத்தைக் கொடுத்திருக்கலாமேன்னு கேப்பீங்க. கொடுக்கப் போனேன். "பேசினது பதினஞ்சுதான தம்பி"ன்னு கையைத் தட்டிவிட்டுட்டு வேன்ல ஏறிட்டார்.

இந்த வருஷக் கொடைக்கு நாள் குறிச்சாச்சு. வில்லு பேசுற வேலை மறுபடி என்கிட்டதான். போன வாரம் போன் போட்டேன். "போன வருசம் குடுத்ததே போதும் தம்பி, நம்ம கோயில் மாதிரிதான"ன்னார். என் வார்த்தையே எனக்குத் திரும்பி வந்துச்சு. நான் இருபதாயிரம்னு சொல்லி, ரெண்டாயிரம் அட்வான்ஸும் அப்பவே ஜிபே பண்ணிட்டேன்.

ராத்திரி மாமா வரி நோட்டை விரிச்சு வச்சுக்கிட்டு, "வில்லுக்கு எம்புட்டு?"ன்னார்.

"இருபது மாமா."

"போன வருசம் பதினஞ்சுதானல?"

நான் ஒண்ணும் சொல்லல. அவர் கண்ணாடியைக் கழட்டி என்னை ஒரு மாதிரி பாத்துட்டு, நோட்டுல எழுதிக்கிட்டே சொன்னார்: "கொறச்சுப் பேசத் தெரியாதால ஒனக்கு?"